நாலாவது கல்

மணலா, சிமெண்டா என்ற கேள்விக்கு முதல் பதில் அவள் கன்னத்தில் விழுந்தது.

கேட்டவர் கொத்தனார். பதில் சொன்னது அவள் கணவனின் வலது கை. நடுவில் புகுந்து, "மணலே போடட்டுமேங்க" என்று இரண்டு வார்த்தை பேசியதுதான் அவள் செய்த தப்பு. காலை ஒன்பது மணி, நல்ல வெயில். பக்கத்து வீட்டு மாடியில் யாரோ ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தோடு இந்தச் சத்தமும் கலந்து போனதால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தெரு அப்படிப்பட்ட தெரு.

அவள் கணவன் ஒரு குளிர்பதனக் கிடங்கின் மேனேஜர். கிடங்கில் எட்டு மணி நேரம் மேனேஜர், மிச்சம் பதினாறு மணி நேரம் வீட்டில் மேனேஜர். அவளுடைய அக்கா அவன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டாள். "உன் மேனேஜர் இன்னிக்கு என்ன பண்ணினான்?" என்றுதான் போனில் கேட்பாள். தோட்டத்துப் பாதைக்குக் கல் பதிப்பதற்குக்கூட அவன் கூட்டம் போடாமல் இருக்க மாட்டான். வாசல் படியிலிருந்து கேட் வரைக்கும் இருபத்திரண்டு கற்கள், மூன்று நாளில் பதித்து முடித்தாகிவிட்டது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் அகல இடுக்கு. அந்த இடுக்கை எதைக் கொண்டு நிரப்புவது என்று முடிவெடுக்கத்தான் ஐயா இன்று லீவு போட்டிருந்தார்.

கொத்தனார் பாவம், கூட்டம் என்றதும் நிஜமாகவே தயாராகி வந்திருந்தார். பழைய பெயிண்ட் டப்பா மூடிகள் மூன்றைப் படியில் வரிசையாக வைத்து, ஒன்றில் சலித்த மணல், ஒன்றில் சிமெண்ட் கலவை, ஒன்றில் பாக்கெட்டில் வரும் பசை மணல் என்று எடுத்துக் காட்டினார். அவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். காலையில் ஆரம்பித்தால் மாலை வரை வாய் மூடாது. தன் மச்சானின் மூல வியாதியிலிருந்து பக்கத்துத் தெரு பேங்க் அதிகாரியின் விவாகரத்து வரை மூன்று நாளில் அவளுக்கு எல்லாவற்றையும் ஒலிபரப்பிவிட்டார்.

"சார், கல்லுக்கு அடியில இருக்கறது வெறும் மணல் படுக்கை. மழைக்கு ஒரு நூல் இறங்கும், வெயிலுக்கு ஒரு நூல் ஏறும். மேல சிமெண்ட் வச்சு இறுக்கினீங்கன்னா ரெண்டே மழையில வெடிச்சிடும். மணல்னா கல்லோட சேர்ந்து அதுவும் அசைஞ்சு குடுக்கும். நாளைக்கே ஒரு கல்லு உடைஞ்சாலும் அதை மட்டும் நெம்பி எடுத்துடலாம்."

"எனக்கு எதுவும் அசையக் கூடாது."

"சரி, அப்ப இந்தப் பாக்கெட் மணலைப் பாருங்க. பெருக்கித் தள்ளிட்டுத் தண்ணி தெளிச்சா இறுகிக்கும். ஆனா வேணும்னா சுரண்டி எடுத்துக்கலாம்."

"எதுக்குச் சுரண்டணும்? யாரு சுரண்டப் போறா?"

இந்த இடத்தில்தான் அவள் வாயைத் திறந்தாள். அடி விழுந்தது.

அவள் ஏன் திறந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். படியிலிருந்து எண்ணினால் நாலாவது கல்லுக்கு அடியில் அவளுடைய உயிர் இருந்தது. தட்டையான ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் பிளாஸ்டிக் உறையில் அவளுடைய நர்சிங் சான்றிதழ், பதிவு அட்டை, பிறப்புச் சான்றிதழ், இன்னொரு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேலை உத்தரவு, அக்கா அனுப்பிய பஸ் டிக்கெட். நாளைக் காலை அவன் கிடங்குக்குப் போனதும் கல்லை நெம்புவது, டப்பாவை எடுப்பது, பஸ் ஏறுவது. மறுநாள் பத்து மணிக்கு அந்த ஆஸ்பத்திரியில் அசல் சான்றிதழ்களோடு நிற்க வேண்டும். நகல் செல்லாது என்று உத்தரவிலேயே போட்டிருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை அவன் அவளுடைய சான்றிதழை அடுப்பில் வைத்துக் கொளுத்தியிருக்கிறான். மறுபடி வாங்க எட்டு மாதம் ஆயிற்று. அவன் கண்ணில் படாமல் வாங்கியது தனிக்கதை. வீட்டில் அவன் துழாவாத இடம் கிடையாது. துணி அலமாரி, தலையணை உறை, மாவு டப்பா, தையல் மெஷினின் இழுப்பறை, எல்லாவற்றிலும் வாரத்துக்கு ஒரு முறை சோதனை நடக்கும். கால் வைக்கும் தரையை மட்டும் அவன் குனிந்து பார்த்ததில்லை. அதனால் வேலை நடந்த இரண்டாம் நாள், கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில், அவருடைய கடப்பாரையாலேயே நாலாவது கல்லை நெம்பினாள். மணலைக் கையால் பறித்து, டப்பாவை வைத்து, கல்லைப் பழையபடி படுக்கவைத்தாள்.

மத்தியானம் ரேடியோ திரும்பி வந்து ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டு வந்தார். நாலாவது கல்லை இரண்டு தரம் தட்டினார். ஒரு நொடி நிமிர்ந்து, படியில் நின்றுகொண்டிருந்த அவளைப் பார்த்தார். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "எங்க விட்டேன்? ஆங், என் மச்சான் ஆபரேஷன் வேண்டாம்னுட்டான்ம்மா" என்று அவர் ஐந்தாவது கல்லுக்குப் போய்விட்டார்.

இப்போது சிமெண்ட் விழுந்தால் நாளைக் காலைக்குள் கல் இறுகிவிடும். அப்புறம் அவளும் இங்கேயே இறுகிவிட வேண்டியதுதான்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். மேனேஜர் இரண்டாவது தடவை கையை ஓங்கினான்.

"சார், கை வைக்காதீங்க" என்றார் ரேடியோ. "பேசிட்டுத்தானே இருக்கோம். அம்மா என்ன சொல்லிட்டாங்க இப்ப?"

மேனேஜர் அவரைத் திரும்பிப் பார்த்தான். படியில் கிடந்த மட்டப்பலகையை எடுத்தான். பூசிய சுவரைத் தேய்த்துச் சமன் செய்யும் கனமான மரப்பலகை அது, பிடி வைத்தது. அதன் விளிம்பால் கொத்தனாரின் நெற்றியில் அடித்தான். கதவில் ஆணி அடிப்பதுபோல அவ்வளவு நிதானமாக அடித்தான். ரேடியோ உட்கார்ந்துவிட்டார். புருவத்துக்கு மேல் பிளந்து, ரத்தம் மூக்கோரமாக இறங்கி, மணல் இருந்த மூடியில் சொட்டியது.

"நீ வேலைக்காரன். உனக்குக் கூலி குடுத்தாச்சு. எழுந்து போ."

பிறகு அவளுடைய தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான். நிலைப்படியில் அவள் முழங்கால் இடித்தது. அடுக்களைக்குள் தள்ளியதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி பிரிட்ஜ் மேல் வைத்தான். அது அவன் வழக்கம். கடிகாரம் கழன்றால் சீக்கிரம் முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"வெளியாள் முன்னாடி எனக்கு யோசனை சொல்றியா? ம்? எனக்கு?"

முதல் குத்து விலாவில். மூச்சு அடைத்தது. இரண்டாவது அடி காதில். அந்தக் காதில் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் பிடித்துக்கொண்டு நிற்கவே இல்லை. கீழே விழுந்தவளைக் காலால் உதைத்தான். தொட்டிக்கு அடியில் சுருண்டுகொண்டு, தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். படித்த படிப்பு சும்மா விடுமா? விலா உடையவில்லை, செவிப்பறை கிழிந்திருக்கலாம், உதட்டுக்குத் தையல் வேண்டாம் என்று உள்ளே ஒரு நர்ஸ் குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தாள். ஒன்பது வருஷமாக அந்த நர்ஸுக்குக் கிடைத்த ஒரே நோயாளி அவள்தான்.

கால் மணி நேரம் கழித்து ஜன்னலுக்கு வெளியே தொண்டையைச் செருமும் சத்தம்.

"சார், நான் கிளம்பறேன். சாமானெல்லாம் எடுத்துக்கிட்டேன். மிச்ச மணல் ஒரு மூட்டை இருக்கு. கேட்டுக்கு வெளிய, சுவரோரமா வச்சிருக்கேன். அம்மா, செடிக்கு ஆகும், வீணாக்காம எடுத்துக்கோங்க. மறந்துடாதீங்கம்மா."

"போடா!" என்று கத்தினான் மேனேஜர்.

தொட்டிக்கு அடியில் கிடந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தி இங்கே செத்துக்கொண்டிருக்கிறாள், இந்த மனுஷனுக்கு மணல் கவலை. போலீசைக் கூப்பிடுவார், நாலு பேரைக் கூட்டி வருவார் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். ஆம்பளைகளே இப்படித்தான் என்று ரேடியோவையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள். பழைய ஸ்கூட்டர் ஒன்று உதைபட்டு உதைபட்டுக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

மேனேஜர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டான். "எழுந்து மூஞ்சியைக் கழுவு. பக்கெட்டை எடுத்துட்டு வா."

கார் நிறுத்தும் இடத்தில் சிமெண்ட் மூட்டையும் மணலும் தயாராக இருந்தன. நேற்றே வாங்கி வைத்திருக்கிறான். முடிவை எடுத்துவிட்டுக் கூட்டம் கூட்டுவது அவனுடைய ஆபீஸ் பழக்கம். எப்படிப் போடுவது என்று போனில் வீடியோவும் பார்த்து வைத்திருந்தான். மணலையும் சிமெண்டையும் இரும்புச் சட்டியில் காய்ந்தபடியே கலக்க வேண்டும், துடைப்பத்தால் இடுக்குகளில் பெருக்கித் தள்ள வேண்டும், மேலே தண்ணீர் தெளிக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள், கண்ணாடி போட்டுக்கொள் என்று அந்த வீடியோவில் சொல்லியிருப்பார்கள். யாராவது சொன்னால் கேட்கிற ஆளா அவன்?

கேட் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். இருபத்திரண்டு, இருபத்தொன்று, இருபது. அவன் பெருக்கிக்கொண்டே வர, அவள் பின்னாலேயே ஹோஸ் பைப்பில் விரலை அழுத்திச் சன்னமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள். சாம்பல் நிறத் தூள் கறுத்து ஈரமாகி இடுக்கில் படிந்தது. தன் குழிக்குத் தானே தண்ணீர் விடுவதாக நினைத்துக்கொண்டாள். குனிந்தால் விலா குத்தியது. பதினைந்து, பதினாலு. வெயில் உச்சிக்கு வந்தது. பத்தாவது கல்லில் அவன் நிமிர்ந்து, முடித்த வேலையைத் தலையைச் சாய்த்து ரசித்தான்.

"பாத்தியா? கொத்தனாராம், கொத்தனார். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?"

"நல்லா வந்திருக்குங்க" என்றாள். உதடு வீங்கியிருந்ததால் சொல் குழறியது.

ஏழு. ஆறு. ஏதாவது சொல்லி நிறுத்தியாக வேண்டும்.

"கலவை பத்தாது போல இருக்கே. இந்த அஞ்சு கல்லை அடுத்த வாரம் பாத்துக்கலாமா? உங்களுக்கும் இடுப்பு வலிக்கும்."

துடைப்பம் நின்றது. அவன் அவளைப் பார்த்தான். ஒன்பது வருஷத்தில் அவனுடைய இடுப்பைப் பற்றி அவள் விசாரித்ததே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தவன், அவள் கண் போன பக்கம் திரும்பினான். கண்ணை அடக்கத்தான் அவளுக்குத் தெரியவில்லையே. அது நாலாவது கல்லிலேயே போய் நின்றுகொண்டிருந்தது.

"என்னடி இருக்கு அங்க?"

"ஒண்ணும் இல்லைங்க."

"மணல்தான் போடணும்னு அவன் சொல்றான். மணல்தான் போடணும்னு நீயும் சொல்றே. நெம்பி எடுக்கலாம், சுரண்டி எடுக்கலாம்..." அவன் குரல் மெதுவாகிக்கொண்டே வந்தது. "என்னடி வச்சிருக்கே அடியில?"

கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்த் தன் கடப்பாரையை எடுத்து வந்தான். அவள் ஓடிப் போய் அதைப் பிடித்துக்கொண்டாள். யோசித்துச் செய்யவில்லை. இரண்டு கையாலும் இரும்பைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். அவன் உதறினான், விடவில்லை. முழங்காலால் அவள் அடிவயிற்றில் இடித்தான், அப்போதும் விடவில்லை. குனிந்து அவன் கையைக் கடித்தாள். தோல் பிய்ந்து வாயில் உப்புக் கரித்தது. அவன் அலறிக்கொண்டு கடப்பாரையை விட்டான். விட்ட கையாலேயே அவள் கழுத்தைப் பிடித்துக் கீழே அழுத்தினான். அவள் முகம் ஐந்தாவது கல்லில் மோதியது. முன்பல் ஒன்று உள்ளே உடைவது அவளுக்கே கேட்டது.

"இன்னிக்கு உன்னையும் இதே கல்லுக்கு அடியில வச்சுப் பூசறேன் பாரு."

மறுபடி தூக்கினான், மறுபடி மோதினான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. இதுவரை வாங்கிய அடிகளில் எல்லாம் எங்கோ ஒரு முடிவு இருந்தது, இதில் இல்லை. அவளுடைய வலது கை தரையைத் துழாவியது. இரும்புச் சட்டியின் விளிம்பு பட்டது. அதற்குள் காய்ந்த கலவை, மாவுபோல மெத்தென்று இருந்தது. கை கொள்ளும் மட்டும் அள்ளினாள். அவன் மூன்றாவது தடவை அவளைத் தூக்கித் தன் பக்கம் திருப்பியபோது, அந்த முகத்தை, அந்தக் கண்களை, நன்றாகப் பார்த்து வீசினாள்.

அவன் போட்ட சத்தத்தை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. அந்த வீட்டிலிருந்து வரும் அலறல் எப்போதும் பெண் குரலாகத்தான் இருக்கும்.

கண்ணைக் கசக்கினான். கசக்கக் கசக்க எரிந்தது. எழுந்து ஓடிச் செடியில் இடித்து விழுந்தான். "தண்ணி! தண்ணிடி! கண்ணு போச்சு!"

அவள் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. கடப்பாரையை எடுத்து நாலாவது கல்லின் இடுக்கில் செருகினாள். விலா கத்தியது, அவள் கேட்கவில்லை. உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினாள். கல் எழுந்து, புரண்டு, மல்லாந்தது.

அடியில் டப்பா இல்லை.

வெறும் மணல். டப்பா இருந்த பள்ளத்தை யாரோ புது மணலால் நிரப்பி, கரணையால் தடவி, கண்ணாடிபோல மட்டம் செய்திருந்தார்கள். வேலை தெரிந்த கையின் மட்டம். அதன் ஓரத்தில் காய்ந்த ரத்தத் துளி ஒன்று.

அவள் மண்டியிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அப்பால் அலறிக்கொண்டிருந்தான். முதலில் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. இரண்டு தரம் தட்டியது. நிமிர்ந்து பார்த்தது. வாயில் ஒரு சொல் தங்காத மனுஷன் இதை மட்டும் யாரிடமும் ஒலிபரப்பாமல் வைத்திருந்தது. அவள் உள்ளே உதைபட்டுக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரத்தில், பிளந்த தலையோடு வெளியே அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது. மறந்துடாதீங்கம்மா.

அவரைப் போய்த் திட்டினேனே என்று அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

எழுந்தாள். கேட்டுக்கு நேராகத்தான் நடந்தாள். மூன்று எட்டு வைத்ததும் நின்றாள். அவசரப் பிரிவில் அவள் வேலை பார்த்த காலத்தில் ஒரு கட்டடத் தொழிலாளியைக் கொண்டு வந்தார்கள். கண்ணில் சிமெண்ட். துணியால் துடைத்துத் துடைத்து இரண்டு மணி நேரம் கழித்துக் கொண்டு வந்தார்கள். கருவிழி வேகவைத்த முட்டைபோல வெளுத்திருந்தது. அந்த ஆளுக்கு அப்புறம் பார்வை வரவே இல்லை. அவளுக்கு இவன்மேல் இரக்கம் ஒரு துளியும் இல்லை, அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் நாளை மறுநாள் பத்து மணிக்கு நர்ஸாகப் போய் நிற்கப்போகிறவள் அவள்.

ஹோஸை எடுத்தாள். குழாயைப் பாதியாகக் குறைத்து, தண்ணீர் மெதுவாக வரும்படி வைத்தாள். செடிக்குள் கிடந்தவனின் கையைப் பிடித்து அதில் ஹோஸைத் திணித்தாள். அவனுடைய இன்னொரு கை விரல்களால் இமைகளை விரித்து, அங்கேயே பிடித்துக்கொள்ளச் செய்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் அவள் சொன்னதைச் செய்தான்.

"கசக்கக் கூடாது. கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு தண்ணியை விட்டுக்கிட்டே இருங்க. நிறுத்தினா பார்வை போயிடும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"எவ்ளோ நேரம்? எவ்ளோ நேரம்டி?"

அவள் எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, அவன் பெருக்கிப் பூசிய பாதை மேலேயே நடந்தாள். ஈரச் சிமெண்டில் பத்தாவது இடுக்கும் பன்னிரண்டாவது இடுக்கும் குதிகாலுக்கு அமுங்கின. கேட்டைத் திறந்தாள். பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. இன்று உள்ளே போகவில்லை.

சுவரோரம் சாக்கு மூட்டை இருந்தது. வாயைக் கட்டாமல் வெறுமனே மடித்து வைத்திருந்தார். முழங்கை வரை கையை விட்டாள். தகரத்தின் குளிர்ச்சி பட்டது. டப்பாவை வெளியே இழுத்து, மணலை உதறித் திறந்து பார்த்தாள். சான்றிதழ், அட்டை, உத்தரவு, டிக்கெட், எல்லாம் காய்ந்தபடி இருந்தன. மேலே ஒரு கிழிந்த சிமெண்ட் காகிதத்தில், பென்சிலால், நடுங்கிய எழுத்தில் ஒரு போன் நம்பரும் 'ஸ்கூட்டர் தெருமுனையில்' என்ற இரண்டு சொற்களும்.

டப்பாவை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏய்! இன்னும் எவ்ளோ நேரம்டி ஊத்தணும்?"

அவள் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"நான் சொல்ற வரைக்கும்" என்று சொல்லிவிட்டுத் தெருமுனையை நோக்கி நடந்தாள்.